கடைசி நாலு மேட்ச்: ஒரகடம் பக்கம் ஒரு டீக்கடையில் முடியாத வாதம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையும் சந்திக்கிற இடம் ஒரகடம் கூட்டுரோடு. கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், ஷேர் ஆட்டோ என்று எந்த நேரமும் நெரிசல். அதைத் தாண்டி உள்ளே திரும்பினால் சத்தம் சட்டென்று குறைந்துவிடும். ஏரி, வயல், வேப்பமரம், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள், கொடியில் காயும் நீல நிற யூனிஃபார்ம்கள். அப்படியொரு ஊர்தான் வடக்குப்பட்டு.

2022-ல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியபோதுதான் இந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்தன. ரோமானிய ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. எங்கிருந்தோ வந்த மனிதர்களும் பொருட்களும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

இப்போதும் அப்படித்தான். 2010-ல் ரெனோ-நிசான் கார் ஆலை, 2012-ல் டெய்ம்லரின் லாரி ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வர, ஒடிசா, வங்காளம், பீகார், அசாம், மணிப்பூர், கேரளா என்று எல்லா ஊர்ப் பையன்களும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு மாநிலம். நாலு பேருக்கும் பொதுவாகத் தெரிந்த பேச்சு ரெண்டுதான்: ஓவர்டைம், ஃபுட்பால்.

"பத்து மேட்சுல பத்து பாயின்ட்!"

வாதத்தை எப்போதும் ஆரம்பித்து வைப்பவர் உள்ளூர் ஆட்டோக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். சென்னையின் எஃப்.சி.க்கு உயிரையே கொடுப்பார்.

"2015 மாதிரி ஒரு சீசன் இனிமே வராதுப்பா. பத்து மேட்ச் முடிஞ்சப்போ பத்தே பாயின்ட். அடிமட்டத்துல கெடந்தோம். எல்லாரும் கைகழுவிட்டாங்க. அப்புறம் வரிசையா நாலு மேட்ச், நாலுலயும் ஜெயிப்பு. இருபத்திரெண்டு பாயின்ட், மூணாவது எடம்!"

அந்த நாலில் ஒன்று கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிரான 4-1. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் மலையாளி வெல்டர், வடையைப் பிட்டபடியே பதில் சொல்வார்.

"அண்ணா, 2014 செமிஃபைனல்ல உங்களை வெளியே அனுப்பியது ஆரு? அதையும் சேர்த்துச் சொல்லணும்."

கடை முழுக்கச் சிரிப்பு. மணிப்பூரிலிருந்து வந்திருக்கும் இளைஞர் அதிகம் பேசமாட்டார். ஆனால் கணக்கில் தப்பு வந்தால் விடமாட்டார். "ஜேஜே பேரை விட்டுட்டீங்க அண்ணா" என்பார். மிசோரத்துக்காரரான ஜேஜே லால்பெக்லுவா, சென்னை ரசிகர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்த ஆட்டக்காரர். 13 கோல் அடித்து அந்த ஆண்டின் தங்கக் காலணியை வாங்கியவர் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா. பயிற்சியாளர், 2006 உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியின் மார்கோ மட்டராஸி. அந்த இறுதிப் போட்டியில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான்.

ஊரே தண்ணியில, மேட்ச் மட்டும் புனேவுல

இந்த இடத்தில் டீக்கடைக்காரர் அடுப்பைக் குறைத்துவிட்டு வருவார். அது வெள்ளத்தின் கதை.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஏரிகள் ஒன்று நிரம்பி இன்னொன்றில் வழிந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, அடையாற்றின் இரு கரையும் மூழ்கின. இந்தச் சாலையில் பல ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. அறைகளில் கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. ஊருக்குப் போக ரயிலும் இல்லாமல் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் சென்னை அணி அரையிறுதிக்குப் போயிருந்தது. பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில், சொந்த ரசிகர்கள் முன்னால் ஆட வேண்டிய முதல் ஆட்டம், டிசம்பர் 12 அன்று புனேயில் நடந்தது. பெயருக்கு அது சென்னையின் மைதானம். கேலரியில் சென்னை இல்லை.

அந்த ஆட்டத்தில் நடப்பு சாம்பியன் கொல்கத்தாவை சென்னை 3-0 என்று வென்றது. இரண்டாவது ஆட்டம் கொல்கத்தாவில். அதில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று இறுதிக்குப் போனது.

"சொந்த ஊர்ல ஆடுறதுக்குக்கூட எடம் இல்லாத டீம்ப்பா அது" என்பார் கடைக்காரர். "எங்கயோ போய் ஆடிச்சு. ஆனா எங்களுக்காக ஆடிச்சு."

அதைக் கேட்கும்போது பெஞ்சில் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர், சொந்த ஊரை விட்டு எங்கேயோ வந்து வீட்டுக்காக உழைக்கிறவர்கள்.

கோப்பையா, கடைசி வரை ஓட்டமா?

மெளனத்தை உடைப்பவர் கூட்டத்திலேயே இளையவர். டயர் கம்பெனியில் அப்ரன்டிஸ். அவருக்கு 2015 சரியாக ஞாபகம் இல்லை. அவருடைய சீசன் 2019-20.

"ண்ணா, அந்த வருஷம் மொத நாலு மேட்ச்ல ஒரு கோல்கூட இல்ல. ஆறு மேட்சுல அஞ்சே பாயின்ட். 2018-ல கப்பு வாங்கிக் கொடுத்த ஜான் கிரெகரியே கெளம்பிட்டாரு. அதுக்கப்புறம் ஓவன் காயில் வந்தாரு. பன்னெண்டு மேட்சுல இருபத்திநாலு பாயின்ட். அதே பசங்க ண்ணா!"

கணக்கு சரிதான். லீக்கில் 29 புள்ளிகளுடன் நாலாவது இடம். அரையிறுதியில் கோவாவைச் சென்னையில் 4-1 என்று வென்று, அங்கே போய் 2-4 என்று தோற்று, மொத்தத்தில் 6-5 என்று தப்பித்தார்கள். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் 15 கோல். மிசோரத்தின் சாங்தே ஒரு பக்கம் பறக்க, பிரேசிலின் கிரிவெல்லாரோ நடுவில் பந்தைப் பிரித்துக் கொடுக்க, நெய்வேலிக்காரர் எட்வின் வன்ஸ்பாலும் அந்த அணியில் இருந்தார்.

ஆனால் இறுதிப் போட்டி 2020 மார்ச் 14. கொரோனா வந்துவிட்டது. கோவாவின் ஃபதோர்தா ஸ்டேடியத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. 3-1 என்று கொல்கத்தாவின் ஏ.டி.கே. வென்றது.

"நாங்கதான் ஜெயிச்சோம்" என்பார் வங்காளத்திலிருந்து வந்திருக்கும் ஃபிட்டர், அழகான உடைந்த தமிழில்.

"நீ மோகன் பகான் ஆளுதானே? அப்போ அது தனி டீம். அப்புறம்தானே ரெண்டும் சேர்ந்துச்சு" என்று மலையாளி மடக்க, மறுபடியும் சிரிப்பு.

இனிமேல்தான் உண்மையான சண்டை. கோப்பையோடு முடிந்த 2015 பெரிதா, கோப்பை இல்லாமல் முடிந்த 2019-20 பெரிதா?

ஆட்டோக்காரர் 2015 டிசம்பர் 20-க்குப் போவார். அதே ஃபதோர்தா. கேலரி முழுக்கக் கோவா ரசிகர்கள். 87-வது நிமிடத்தில் கோவா 2-1. ஸ்டேடியமே கொண்டாட ஆரம்பித்துவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியாலேயே பந்து வலைக்குள் போனது. இரண்டே நிமிடத்தில் மென்டோசா. 3-2. கோப்பை சென்னைக்கு.

"அது லக்கு ண்ணா" என்பார் அப்ரன்டிஸ். "கோல்கீப்பரே போட்டுக்கிட்ட கோல்."

"லக்குன்னே வெச்சுக்கடா. தொண்ணூறாவது நிமிஷத்துலயும் எதிராளி கோல்கிட்ட நம்ம ஆளு நின்னாதானே லக்கு வரும்? மூணு நிமிஷம் முன்னாடியே தலையைத் தொங்கப் போட்டிருந்தா?"

"அப்போ கோச்சாலதான் மாறிச்சா, பசங்களாலயா?" என்று கேட்பார் மணிப்பூர் இளைஞர்.

கோச்தான் என்பவர்களிடம் ஒரு சாட்சி உண்டு. காயில் பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021-22-ல் அந்த அணி லீக்கில் முதலிடம் பிடித்து ஷீல்டு வாங்கியது. 2023-ல் சென்னைக்குத் திரும்பினார். அந்த சீசனும் கடைசிக் கட்டத்தில் மேலேறி, ஆறாவது இடத்தோடு பிளே ஆஃப் வரை வந்தது. பசங்கதான் என்பவர்களிடமும் ஒரு கேள்வி உண்டு. பிளே ஆஃபில் கோவாவிடம் 1-2 என்று தோற்றபோது கோச் அதே ஆள்தானே?

இதற்கு வெல்டர் தன் தொழிலிலிருந்தே ஒரு பதில் வைத்திருக்கிறார். "லைன் காலையிலே நின்னு போச்சு. டார்கெட் போச்சுன்னு சூப்பர்வைசர் கத்துறார். புது சூப்பர்வைசர் வந்து, இனி எத்ர மணிக்கூர் இருக்கு, அதிலே எத்ர செய்யலாம்னு மட்டும் கேக்கிறார். ஆளு அதே ஆளு. மெஷினும் அதே மெஷின். ஆனா கேள்வி மாறிப்போச்சு."

ஆட்டோக்காரரே இதற்குத் தலையாட்டிவிடுவார்.

பூங்கா ரயில் நிலையம் வரை

இங்கிருந்து நேரு ஸ்டேடியத்துக்குப் போவது சுலபமில்லை. பஸ்ஸில் தாம்பரம், அங்கிருந்து மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷன், பிறகு நடை. ராத்திரி ஏழரை ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். திரும்பத் தாம்பரம் வந்தால் ஒரகடம் பஸ் கிடைப்பது அதிர்ஷ்டம். ஷிப்ட் மாற்றிக்கொண்டு, ஆட்டோவுக்கு ஆளாளுக்குக் காசு போட்டுத்தான் வர வேண்டும். அப்படியும் போகிறார்கள். சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் ப்ளூஸ் ரசிகர் கூட்டங்கள் மேளம் தட்டிப் பாடும்போது, எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை. பிளாஸ்டர்ஸ் வரும் நாளில் மட்டும் வெல்டர் மஞ்சள் சட்டையில் எதிர்ப் பக்கம் போய்விடுவார். திரும்பும்போது அதே ஆட்டோதான்.

சாயங்காலம் இருட்டிவிட்டது. ஏரிக்கரை பக்கமிருந்து காற்று வருகிறது. ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கிறது, நைட் ஷிப்ட். வங்காளத்துக்காரரும் அப்ரன்டிஸும் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள்.

"அப்போ எது பெருசு, 2015-ஆ, 2020-ஆ? சொல்லிட்டுப் போங்கடா" என்று ஆட்டோக்காரர் குரல் கொடுக்கிறார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றோம் ண்ணா" என்று பஸ் படிக்கட்டிலிருந்து பதில் வருகிறது.

கடைக்காரர் காலி கிளாஸ்களை எண்ணுகிறார். இரண்டு டீக்கு இன்னும் காசு வரவில்லை. நோட்டில் எழுதிக்கொள்கிறார். அதுவும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான்.