கூடப் போகிறவருக்கும் அது டூர்தானே?

ஓசூரில் புதிதாக டிராவல்ஸ் தொடங்கியிருக்கும் பையன் ஒருவன் சொன்னான்: "இதுல என்னண்ணா இருக்கு? சாய்தளம் வெச்ச வேன் ஒண்ணு, ஆப்ல 'வீல்சேர் வசதி'ன்னு டிக் அடிச்ச ஓட்டல் ஒண்ணு. முடிஞ்சுது." தொரப்பள்ளியில் இருந்துகொண்டு, முதுகுத்தண்டில் அடிபட்டவர்களையும் அவர்கள் வீட்டாரையும் ஊர் ஊராக அனுப்பிவைக்கும் எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த டிக்கை நம்பி நான் அறை போடுவதில்லை. வாசலில் சாய்தளம் பளபளவென்று இருக்கும். பாத்ரூமுக்குள் நாற்காலி நுழையாது. அரசு வழிகாட்டுதல் 900 மில்லிமீட்டர் வழி வேண்டும் என்கிறது. அணுகல் விதிகளைக் கட்டாயமாக்கச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. லாட்ஜ்காரரிடம் அகலம் கேட்டால் இன்றும் "பெரிய கதவுதான் சார்" என்கிறார். அதனால் கதவைத் திறந்துவைத்து, தரை தெரிகிற மாதிரி போட்டோ கேட்பேன். டைல்ஸை எண்ணினால் அளவு வந்துவிடும். நிலைக்கு நிலை 26 அங்குலம் இருந்தாலும் திறந்த கதவின் தடிமன் ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிடும். சாதாரண மடக்கு நாற்காலிக்கே 25 வேண்டும். கீல் ஆணியை உருவிக் கதவைக் கழற்றிவைத்து, ஸ்கிரீன் துணி மாட்டச் சொல்வேன். முகம் சுளிப்பார்கள், விடமாட்டேன். கட்டில் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. நகர்த்த முடியாத பாக்ஸ் கட்டில் என்றால் அந்த அறையே வேண்டாம்.

இதையெல்லாம் எனக்குப் புரியவைத்தவர் ஒரு அக்கா. சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் உயரத்திலிருந்து விழுந்தவரின் மனைவி. என்னிடம் வருவதற்கு முன் வேறொருவர் ஏற்பாட்டில் கன்னியாகுமரி போய்வந்திருந்தார்கள். சூரிய உதயம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"அவர் பாத்தார் தம்பி. மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. நான் அந்நேரம் பெட்ஷீட் அலசிட்டிருந்தேன். ராத்திரி பூரா ரெண்டு மணிக்கொரு தரம் திருப்பிப் போட்டேன், யூரின் பை காலி பண்ணேன். வீட்ல செய்யறதத்தான் அங்கயும் செஞ்சேன். வீட்லன்னா எது எங்க இருக்குன்னாவது தெரியும்."

எங்கே போகலாம் என்று கேட்டேன். "எங்கயோ ஒரு எடம். ஒரு ராத்திரி முழுசாத் தூங்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் பயணத்தை இரவிலிருந்துதான் போட ஆரம்பிக்கிறேன். பழகிய உதவியாளர் ஒருவர் கூடப் போக வேண்டும். கிளம்பும் முன்பே ஓரிரு இரவு அந்த வீட்டில் தங்கி, நோயாளியைத் திருப்பிப் பழகியிருக்க வேண்டும். அப்போதுதான் வீட்டார் நம்பிக் கண்ணை மூடுவார்கள். குடும்பங்கள் லேசில் சம்மதிக்காது. "நான்தான் இருக்கேனே, இன்னொரு ஆளுக்கு எதுக்குக் காசு?" என்று மனைவியே கேட்பார். ரயில்வேயும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நடக்க முடியாதவருக்கு 75 சதவீதச் சலுகை, துணைக்கு வரும் ஒருவருக்கும் அதே சலுகை. இரண்டாவது ஆளுக்கு முழுக் கட்டணம். ராத்திரி முழுக்க விழித்தவரே பகலிலும் நாற்காலியைத் தள்ள வேண்டுமா?

2022 நவம்பரில் மெரினாவில் சக்கர நாற்காலி போக 263 மீட்டர் மரப்பாதை போட்டார்கள். மறுமாதமே மாண்டஸ் புயல் ஒரு பகுதியை உடைத்தது, சரிசெய்தார்கள். நல்ல காரியம். தூரத்திலிருந்தே கடல் பார்த்தவர்கள் இப்போது அலையருகே போகிறார்கள். ஆனால் கடலில் இருப்பது ஒரு மணி நேரம், லாட்ஜில் பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரத்தைப் போட்டோ எடுத்துப் போட முடியாது என்பதால் புதிதாக வருகிற பிள்ளைகள் அதைத் தொடுவதே இல்லை. அவர்கள் படிவத்தில் ஊனத்தின் சதவீதம் வரை கேட்கிறார்கள். கூட வருகிறவர் இரவில் எத்தனை தரம் எழுந்திருக்கிறார் என்று கேட்க ஒரு வரி இல்லை. என் படிவத்தில் அதுதான் முதல் கேள்வி. அதை அவரிடமே தனியாகக் கேட்பேன், நோயாளி பக்கத்தில் இல்லாதபோது. பக்கத்தில் இருந்தால் உண்மையான எண்ணிக்கை வராது.