முதுகில் கூடை

பசறை ரோட்டு பஸ்ஸில் பிள்ளைகளைத் துணியால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஏறும் எங்கள் இருவரையும் பார்த்து, யார் பழக்கியது என்று பலரும் கேட்கிறீர்கள்.

முழுச் சம்பளத்தோடு 84 நாள் லீவு முடிந்தது. அரைச் சம்பள லீவும் இருக்கிறது. லோன் கட்டுகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகுமா? பாடசாலை முடியும்வரை பிள்ளைகளைப் பார்ப்பது பக்கத்து லயத்து அம்மா. பழைய சேலைத் துண்டில் முடிச்சுப் போடப் பழக்கியதும் அவர்தான். "மூஞ்சி தெரியணும் டீச்சர், நாடி நெஞ்சில முட்டக்கூடாது."

"நீங்களும் இப்படிக் கட்டித்தான் கொழுந்தெடுத்தீங்களா?" என்றோம்.

சிரித்தார். "முதுகுல கூடை. முன்னால தேயிலைச் செடி. புள்ளைய எங்க கட்டுறது?"

அவருடைய நான்கு பிள்ளைகளும் பிள்ளைக் காம்பராவில் வளர்ந்தவர்கள். ஒரு வயதுவரை நாளுக்கு இரண்டு தடவை பால் கொடுக்க விடவேண்டும், காம்பரா இருந்தால் தலா 30 நிமிடம் என்கிறது மகப்பேற்று நன்மைகள் சட்டம். மேல்மலையிலிருந்து இறங்கி ஏறவே அது சரியாகிவிடுமாம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து லீவுக் கணக்குப் பார்த்த எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று, மகளுக்கு இது மாசம், ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். மகளும் கொழுந்துக்குத்தான் போகிறாள். வீட்டிலிருக்கும் நேரத்துக்காவது உதவட்டுமே. நாளைக்குக் கொண்டு போகிறோம், இன்ஷா அல்லாஹ்.