விரல் நீட்டும் வேலை

டோக்கியோவுக்கு வடகிழக்கே, சிபா மாநிலத்தின் நாகரேயாமா நகரில் இருக்கிறது மினாமி-நாகரேயாமா. வேலைக்குப் போகிறவர்கள் ரயில் மாறும் நிலையம். மேலே முசாஷினோ பாதை. நிலத்தடியில் 2005-இல் திறந்த சுகுபா எக்ஸ்பிரஸ் பாதை. மேலே முன்னால் ஓட்டுநர், பின்னால் கார்டு. கீழே ஓட்டுநர் ஒருவரே. இரண்டிலும் நான் கவனித்தது கைகளைத்தான். வெள்ளை உறை போட்ட விரல் சிக்னலை நோக்கி நீள்கிறது, வாய் அதன் நிலையை உரக்கச் சொல்கிறது. அடுத்து கால அட்டவணை, கடிகாரம். ஜப்பானியக் கட்டுப்பாட்டின் சடங்கு என்று இதைச் சொல்வோர் உண்டு. நான் இதைத் தொழில்நுணுக்கம் என்பேன். நாளெல்லாம் அதே சிக்னலைக் காணும் கண், பார்க்காமலே பார்த்ததாக நினைத்துக்கொள்ளும். கை நீளும் நேரம் அவசர முடிவைத் தாமதப்படுத்துகிறது. காதில் விழும் தன் குரலே இன்னொரு சாட்சி. ஜப்பானின் ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் நடத்திய சோதனையில், 2.38 சதவீதமாக இருந்த தவறு, சுட்டியும் சொல்லியும் செய்தபோது 0.38 ஆனது. சுட்டுவது மட்டும், சொல்வது மட்டும் என்றபோது இந்த அளவுக்குக் குறையவில்லை.

பழகப் பழக இதுவும் வெறும் கையசைப்பாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், அதனால்தான் இதை நாள்தோறும் புதிதாகச் செய்யவேண்டியிருக்கிறது. இயந்திரம் வந்தபின் விரல் எதற்கு என்பது அடுத்த கேள்வி. சுகுபா எக்ஸ்பிரஸில் தானியங்கி ஓட்டமும் நடைமேடைக் கதவுகளும் உண்டு. ஆனாலும் 2017 நவம்பர் 14 அன்று, காலை 9:44:40-க்குப் புறப்படவேண்டிய ரயில் இதே நிலையத்திலிருந்து 20 விநாடி முன்னதாகக் கிளம்பியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டதை உலகம் வியந்து பேசியது. எனக்கு முக்கியமாகப் படுவது காரணம்: புறப்படும் நேரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. இயந்திரம் வேலையைக் குறைக்கும்போது, மனிதரிடம் மிஞ்சுகிற வேலையின் கனம் கூடிவிடுகிறது.

ஆனால் இந்த நுணுக்கத்தால் வெல்லமுடியாத ஒன்று உண்டு: தண்டனை பயம். 2005 ஏப்ரல் 25 அன்று ஒசாகாவுக்கு அருகே, இத்தாமி நிலையத்தில் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்ட இளம் ஓட்டுநர் ஒருவர், 70 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாத வளைவில் சுமார் 116 கி.மீ. வேகத்தில் நுழைந்தார். ரயில் தடம் புரண்டு, அவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். தவறு செய்த ஊழியர்களை அவமானப்படுத்தும் 'மறுபயிற்சி' அப்போது அந்த ரயிலை இயக்கிய நிறுவனத்தில் நடைமுறையில் இருந்தது. ஓட்டுநரின் தவறைப் பற்றிக் கார்டு ரேடியோவில் தெரிவித்ததைக் கேட்பதில் அந்த ஓட்டுநரின் கவனம் போயிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. பயம் பிடித்திருக்கும் கவனத்தை எந்த விரலாலும் சிக்னல் பக்கம் திருப்ப முடியாது. நேரம் தவறாமைக்குக் கண்டிப்புத்தானே காரணம் என்போருக்கு என் பதில் இந்த வளைவுதான். வேண்டுமென்று செய்யாத தவறுகளுக்குத் தண்டனை இல்லை என்று அந்த நிறுவனம் 2016-இல் விதியை மாற்றியது. அதற்கு 11 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டியதில்லை.