இடைச்செருகல்

2021 மே மாதம் எங்கள் வீட்டில் கொரோனா என் மூலமாகத்தான் நுழைந்தது என்று இன்றும் நினைக்கிறேன். தென்காசியில் ஊரடங்கிலும் வங்கிக் கவுண்டர் திறந்திருந்தது. பென்ஷன்காரர்களின் பாஸ்புத்தகங்களை வாங்கி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல். அதே வாரம் படுத்த அண்ணன் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவனுவதானல" என்றாள் அம்மா. அது புலம்பல் அல்ல, கேள்வி.

பதிலை விஞ்ஞானத்தில் தேடினேன். ஹ்யூகோ ஸீபெர்க்கும், 2022இல் நோபல் பெற்ற ஸ்வாந்தே பேபோவும் 2020இல் 'நேச்சர்' இதழில் எழுதியிருந்தார்கள். நோய் முற்றுவதோடு தொடர்புடையதாக மூன்றாவது குரோமோசோமில் ஏறத்தாழ 50,000 எழுத்து நீளத்துக்கு ஒரு பகுதி. அது நியாண்டர்தால் மனிதனிடமிருந்து நமக்குள் வந்தது. ஐரோப்பியரில் 16 சதவீதம் பேரிடம், தெற்காசியரில் பாதிப் பேரிடம் இருக்கிறது.

குற்றாலத்தில் வாழ்ந்த டி.கே.சி., கம்பனில் தம் செவிக்கு ஒவ்வாத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளியவர். அந்த ரசனை விமர்சனத்தோடு எனக்கு எப்போதும் சண்டைதான். அந்த நாட்களில் நானும் அதையே செய்தேன்: அண்ணனின் பிரதியில் செருகல் இருந்தது, என் பிரதியில் இல்லை. பெற்றோரில் ஒருவரிடம் அது ஒற்றையாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச் சேரப் பாதி வாய்ப்பு. ஆக, சாத்தியம்தான். யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை. பார்க்காதவரை கவுண்டரை நான் மறந்திருக்க முடிந்தது.

அதே 2021இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தாரும் ஹைதராபாத் ஆய்வாளர்களும் சேர்ந்து பார்த்ததில், தெற்காசியாவில் அந்தப் பகுதிக்கும் தொற்று, சாவு விகிதங்களுக்கும் பொருத்தம் தென்படவில்லை. ஜனத்தொகைக் கணக்கு அது. ஒரு ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஐரோப்பியரிடமும் அது அபாயத்தைக் கூட்டுகிறதே தவிர ஆளைத் தீர்மானிப்பதில்லை. அண்ணனுக்குச் சர்க்கரை, என்னைவிட எட்டு வயது மூத்தவன், முதல் நாலு நாள் கஷாயத்தில் போயிற்று. எல்லாம் காரணம். கவுண்டரும்.

இதைப் படிப்பதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தேன். சாரல் தொடங்கிய ஆனியில் அவளை ஸ்கூட்டரில் குற்றாலம் கூட்டிப்போனேன். அருவியில் குளிக்கத் தடை. தடுப்புக்கு இப்பால் நின்று, ரத்தத்தில் பரம்பரையாக வருகிற ஒன்று என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன்.

"அப்ப அதை நான்தானே குடுத்திருக்கேன்?" என்றாள்.

அப்பாவாகவும் இருக்கலாம் என்றேன். வேறு எதுவும் சொல்ல வரவில்லை.