வரைபடத்தில் இல்லாத கண்டல்

நெய்தல் திணையைக் கரும்பலகையில் எழுதி எழுதியே பத்து ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். கண்டலும் தாழையும் தில்லையும் நம் நாவில் தடையின்றி வரும். ஆனால், கூப்பிடு தொலைவில் கிடக்கும் வாழைச்சேனைக் களப்பின் கரையில் எது கண்டல், எது தில்லை என்று எவரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்போம். பல்கலைக்கழகம் தந்த பட்டம் அந்த அளவுதான்.

இந்த வெட்கத்தை உணர்த்தியது ஒரு வரைபடம். 2015ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் எடுத்துவரும் படங்கள் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் கண்டற்காட்டை இனங்காணும் முறை விளங்குதற்கு அரியதன்று. பச்சிலை, நம் கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நீரோ அதை விழுங்கிவிடும். ஆகவே ஈரச் சேற்றில் நிற்கும் மரக்கூட்டம் மேட்டுநில மரங்களினின்றும் வேறுபட்டுத் தோன்றும். தில்லையின் இலை உதிருமுன் சிவக்கும். வெவ்வேறு மாதத்துப் படங்களை ஒப்பிட்டு அதனைத் தனியே பிரிக்கவும் முயலலாம்.

அத்தகைய வரைபடமொன்றை வகுப்பில் விரித்தோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. இலக்கணத்தில் அவன் வாங்கும் புள்ளிகளைச் சொல்லாதிருப்பதே நலம்.

"சேர், எங்கட அப்பா தோணி கட்டுற இடத்தில கண்டல் நிக்குது. இதில ஒண்டுமில்லையே?"

மறுநாள் அவனுடன் போனோம். முட்டுவேர் ஊன்றி மரங்கள் நின்றன. பக்கத்து மரத்தைத் தொடப்போன நம் கையைப் பையன் பற்றி இழுத்தான். அது தில்லை, அதன் பால் கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

செய்மதி பொய் சொல்லவில்லை. அதன் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்து மீற்றர்ச் சதுரம். நம் நாட்டுக் கடலில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவாதலால், கண்டல் பெரும்பாலும் கரையோரம் ஒடுங்கிய பட்டியாகவே வளர்கிறது. இரண்டு மரம் நிற்கும் அகலத்தில் நீரும் மணலும் இலையும் ஒரே புள்ளியிற் கலந்துவிட்டால் மரம் மறைந்துபோகும்.

மறைந்தால் என்ன என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிவந்த ஊர் இது. 2009இல் போர் முடிந்தபின் பாசிக்குடாவில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. நீரோர நிலம் இன்று பொன். வரைபடத்தில் இல்லாத மரத்தை வெட்டினால் இழப்புக் கணக்கிலும் அது ஏறாது. அந்த வேர்களுக்கிடையே இறாலும் நண்டும் தேடும் குடும்பங்களின் நட்டத்தை எந்தச் செய்மதி எடுத்துக்காட்டும்?

இப்போது சனிக்கிழமைதோறும் கைத்தொலைபேசியில் இடங்குறித்துக்கொண்டு கரையோரம் நடக்கிறோம். மரத்தின் பெயரைப் பையன் சொல்ல, நாம் எழுதிக்கொள்கிறோம். இனிமேல் நடந்துபோக வழியில்லாத சேறு. தோணி தருவதாக அவனுடைய தகப்பனார் சொல்லியிருக்கிறார்.