இரண்டு கிழவர்களும் கல்வராயன் மலையும்!

"மாப்ள, ரெண்டுல ஒண்ணைத்தான் தருவேன். மலை ஏத்திப் பாத்துட்டு சொல்லு!" என்றான் கள்ளக்குறிச்சி நண்பன்.

அவன் வீட்டு ஷெட்டில் இரண்டு கிழவர்கள். ஒன்று 1971 ஃபியட் 1100. பூர்வீகம் இத்தாலி, பம்பாயில் தயாராகி, பிற்பாடு 'பத்மினி' என்று நம்மூர்ப் பெயர் வைத்துக்கொண்ட வம்சம். இன்னொன்று 1972 அம்பாசடர் மார்க்-2. அசல் வெள்ளைக்காரன்! இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் உத்தர்பாராவுக்கு வந்து, 2014 வரை அம்பாசடராக ஓடியது. என் கையிலிருந்த பி.எஃப். பணமோ ஒரு வண்டிக்குத்தான் காணும்.

துணைக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். முப்பது வருஷம் சர்க்கார் ஜீப் டிரைவர்.

கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டினால் மலைப்பாதை. முதலில் நான் ஃபியட்டில். எஞ்சின் 1,089 சி.சி.தான், ஆனால் உடம்பு லேசு. வளைவுகளில் சைக்கிள் மாதிரி திரும்புகிறது. தனியாக ஓட்டி ரசிக்க இதுதான். பின் சீட்டில் அப்பாவுக்குத்தான் முட்டி இடித்தது.

பெரியார் அருவியில் முகம் கழுவிவிட்டு அம்பாசடருக்கு மாறினேன். 1,489 சி.சி., கனத்த உடம்பு. ஸ்டியரிங்கோடு மல்யுத்தம்தான்! ஆனால் குண்டும் குழியும் உள்ளே தெரியவேயில்லை. ஒரு ஏற்றத்தில் ஓட்டத்திலேயே முதல் கியருக்குத் தள்ளினேன். 'கர்ர்ர்...' பின்னாலிருந்து அப்பா, "ரெண்டு தடவை கிளட்ச் மிதிடா. அந்தக் காலத்து வண்டிக்கெல்லாம் முதல் கியர் அப்படித்தான்!" என்றார்.

கலெக்டர்கள் கவனிக்க! (2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் வந்தாரே, அவரில்லை சார், பழைய கார் சேகரிப்பவர்கள்.) 50 வயது தாண்டிய, அசல் மாறாத வண்டிக்கு, 2021 விதிப்படி 'விண்டேஜ்' பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அந்த நம்பர் பிளேட்டோடு தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி விசேஷங்களுக்கு மட்டும்தான். ஓட்டத்தான் ஆசை என்றால், சாதாரணப் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்வதே மேல்.

வெள்ளிமலை வந்தது. டீக்கடையில் நண்பன் கேட்டான்: "எது மாப்ள?"

மனசு ஃபியட் என்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பா இறங்கவே இல்லை. சீட்டை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார்.

"எத்தனை ஆபீசரை ஏத்தி இறக்கியிருக்கேன்... பின்னாடி உக்காந்தா இவ்வளவு சுகமாடா?"

நண்பனிடம் அம்பாசடர் சாவியை வாங்கிக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து கம்பீரமாக ஒரு குரல்:

"டிரைவர், வண்டிய எடுப்பா. கிளட்ச் ரெண்டு தடவை!"