இரண்டு யூனிட் சர்க்கரைத் தண்ணீர்

எங்கள் வீட்டில் எறும்பு வளர்க்கிறோம் என்றால் யாரும் நம்புவதில்லை. "சார், எங்க வீட்டுல நானூறு இருக்கு, கொண்டாந்து தரட்டுமா?" என்று கேட்கிறார் பேப்பர் போடும் தம்பி.

எறும்புகள் என் பேரனுடையவை. ஏழாவது படிக்கிறான். போன வருடம் ஒரு மழைக்கு மறுநாள், தெருவிளக்கின் கீழே சிறகு உதிர்த்த கட்டெறும்பு ராணி ஒன்றைப் பிடித்து வந்தான். டெஸ்ட் டியூபின் அடியில் தண்ணீர், அதை அடைத்துப் பஞ்சு, நடுவில் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. வீடு அவ்வளவுதான். ஒன்றரை மாதம் அதற்கு ஒரு பருக்கை கூடப் போடவில்லை. பாவம்டா என்று திட்டினேன். "இனிமே அது பறக்க வேண்டாம் தாத்தா. றெக்கையை ஆட்டுற சதையைக் கரைச்சே குட்டிங்களுக்கு ஊட்டும்" என்றான். அவன் சொன்னபடியே முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவந்தன.

மாப்பிள்ளைக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. ரயிலில் குலுங்கினால் ராணி தன் முட்டைகளையே தின்றுவிடும் என்று பயந்து, டியூபை ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவோடு இணைத்து என்னிடம் விட்டுப் போனான். அப்போது 14 எறும்புகள். கூடவே நோட்டுத்தாளில் குறிப்பு: சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு, ஒரே சொட்டு, வாரம் இரண்டு முறை, அதிகம் வேண்டாம். கடைசி வார்த்தைகளுக்கு அடியில் இரண்டு கோடு.

அடிக்கோடு போட்டதைப் படிக்காத பிள்ளைகளை எத்தனை வருடம் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! 14 உயிருக்கு ஒரு சொட்டா என்று தோன்றியது. எனக்கு டாக்டர் சர்க்கரையை நிறுத்திவிட்டார், இவையாவது சாப்பிடட்டும் என்ற எண்ணமும் இருந்தது. பழைய இங்க் ஃபில்லரால் ஒரு பாட்டில் மூடி நிறைய சர்க்கரைத் தண்ணீர் விட்டு டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் மூடிக்குள் ஏழு கிடந்தன.

எறும்புக்கு மூக்கு கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் இருக்கும் பொடித் துளைகள் வழியாகத்தான் மூச்சு. சர்க்கரைப் பாகு அதை மூடிவிட்டால் முடிந்தது. மூடியின் சுவரோ வழவழப்பு, ஏறிவர முடியாது. இதெல்லாம் எனக்கு அப்போது ஓடவில்லை. கை நடுங்கியது என்பதுதான் உண்மை. என் மனைவிதான், "பிசுக்கு போக நல்ல தண்ணியில அலசிட்டுக் காய வைங்க" என்றாள். ஒரு சொட்டுத் தண்ணீரில் ஒவ்வொன்றாக அலசி டிஷ்யூ தாளில் வரிசையாகக் கிடத்தினோம். செத்தது என்று நினைத்தவற்றில் ஒன்று, ஒரு மணி நேரம் கழித்துப் பின்னங்காலை அசைத்தது. மதியத்துக்குள் மூன்று எழுந்து நடந்தன. நான்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தான். "எத்தனை இருக்கு தாத்தா?"

"உள்ள ஒரே இருட்டா இருக்குடா, சரியா எண்ண முடியல."

அவன் நம்பிவிட்டான். அதுதான் தொந்தரவு செய்தது.

அந்த வாரம் முழுக்க எறும்பைப் பற்றியே படித்தேன். வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாதாம்! கடிக்கும், பிய்க்கும், சாற்றை மட்டும் உறிஞ்சும். துகள்களை வாய்க்குள் இருக்கும் ஒரு பையில் வடிகட்டி, உருண்டையாக்கித் துப்பிவிடும். பல இனங்களில் துண்டு துண்டான உணவைத் தின்பவை புழுக்கள்தான். முன்பு வகுப்பில் ஒருவன், "சார், எறும்பு வாய்க்குள்ள நொய் அரிசி எப்படிப் போகும்?" என்று கேட்டான். கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னும் என்று சொல்லி உட்கார வைத்தேன். அவன் இதைப் படித்தால் திருத்திக்கொள்ளட்டும்.

இப்போது அளவுக்கு, நான் இன்சுலின் போடும் 40 யூனிட் ஊசியில் புதிதாக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். அதில் இரண்டு யூனிட், அதாவது 0.05 மில்லி. மூடியெல்லாம் கிடையாது, ஒரு துண்டு அலுமினியத் தாள்மேல் சொட்டு. வெயில் கடுமையான நாளில் அதே அளவைச் சின்னப் பஞ்சில் நனைத்து வைப்பேன். மறுநாள் காலையில் மீதியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப் பூஞ்சை பிடிக்கும்.

ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு எறும்புதான் வந்தது. சொட்டின் ஓரத்தில் வாயை வைத்து அசையாமல் நின்றது. வயிறு பருக்கப் பருக்க, கறுப்புப் பட்டைகளுக்கு நடுவே வெளிறிய கோடுகள் தெரிந்தன. குடம் தூக்கியவள் நடப்பதுபோல் மெதுவாக டியூபுக்குள் போனது. எதிரே வந்தது உணர்கொம்பால் தட்டிக் கேட்க, இதன் வாயில் ஒரு பொடித் துளி எழும்பியது. அது குடித்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் ராணிக்கும் போனது. எறும்புக்கு இரண்டு வயிறு. முன்னால் இருப்பது ஊருக்கு, பின்னால் இருப்பது தனக்கு. முன் வயிற்றைச் சமூக வயிறு என்கிறார்கள். நான் ஒரு சொட்டு போதாது என்று நினைத்தேனே, அதை 14 பேரும் கூடி நின்று குடிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த ஞாயிறு சொல்லிவிட்டேன். நாலு செத்துப்போச்சுடா, தாத்தா மூடியில ஊத்திட்டேன், போன வாரம் சொன்னது பொய். அவன் ஒன்றும் பேசாமல் காலை கட் செய்தான். சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பதாக மகள் மெசேஜ் அனுப்பினாள். என் மனைவி, "சின்னப் பிள்ளைகிட்ட இதைச் சொல்லணுமா?" என்று கோபித்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி கூப்பிட்டான்.

"ராணி இருக்கா?"

"இருக்குடா."

"புழு எத்தனை? வெள்ளையா, அரிசி மாதிரி?"

எண்ணிச் சொன்னேன். ஆறு.

"வெறும் சர்க்கரைத் தண்ணி பத்தாது தாத்தா. அதுங்களுக்கு அடிச்ச கொசு ஒண்ணு போடுங்க. மருந்து அடிச்ச கொசு வேண்டாம். கையால அடிங்க."

கொசுவுக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை. இன்று காலைக் கணக்கு 19. டியூப் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, பஞ்சும் லேசாகக் கறுக்கிறது. புது டியூபுக்கு மாற்ற வேண்டும். நான் தொடக்கூடாதாம். மே மாதம் அவனே வந்து மாற்றுகிறானாம்.